சாயம் போடும் சுகிர்தா

மணவாள நகரில் மணியம்மாளுக்குத் தெரியாமல் ஒரு குக்கர்கூட விசில் அடிக்காது. எதிர்வீட்டு சுகிர்தா ஆஸ்பத்திரி லேபில் இதயச் சதைக்குச் சாயம் போட்டுப் பார்க்கிறாள், ஈ.சி.ஜி.யில் தெரியாத ஆரம்பப் பழுதுகூட அதில் தெரிந்துவிடும் என்பதும் அவளுக்கு அத்துப்படி. அதனால், தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குக் கிளம்பிய புருஷன் பூவராகவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நேரே எதிர்வீட்டுக்குத்தான் ஓடினாள்.

“சுகிர்தா, உங்க மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். ஆஸ்பத்திரி வேணாம்னு அடம் புடிச்சுக்கினு கீறாரு. நீயே அந்தச் சாயத்தைப் போட்டுப் பார்த்துடு.”

“ஐயோ, அது அவருக்கு வேணாங்க்கா! உடனே எமர்ஜென்சிக்குப் போலாம்.”

“இன்னாமா, எங்களுக்குன்னா மட்டும் இவ்ளோ பிகு பண்ற? கொஞ்சூண்டு சதைதானே, எடுத்துக்கோ!”

சுகிர்தா தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டாள். நாலு வார்த்தை கேட்டால்தான் வழிக்கு வருகிறாள் என்று மணியம்மாள் புருஷனோடு பெருமையாக ஏறிக்கொண்டாள்.

ஆட்டோ எமர்ஜென்சி வாசலில் நின்றது.

“இங்க ஏன்மா நிறுத்தின? உன் லேபுக்குப் போவச் சொல்லு.”

“அது பின்னாடி, மார்ச்சுவரிக்குப் பக்கத்துல இருக்குதுக்கா. செத்தவங்க இதயத்தை வெட்டிதான் நான் சாயமே போடுவேன்.”

மணியம்மாள் திறந்த வாயை மூடுவதற்குள், பூவராகவன் தானே இறங்கிப்போய் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டார்.

“சீக்கிரம் பாருங்க டாக்டர், அந்தப் பொண்ணு வெளியிலயே நிக்குது!”