கடைசிப் படிவம்

மானுட குலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த மாபெரும் ஆய்வு அன்று நிறைவடைய இருந்தது. கிராமத்து முதியோரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க வந்த ஆய்வாளர், அந்த ஊருக்கென மிச்சமிருந்த ஒரே படிவத்தோடு எண்பது வயதுப் பெரியவரின் எதிரே உட்கார்ந்தார். மறுநாள் அறிக்கை போகாவிட்டால் வேலை போய்விடும்.

“உடல்நலம் குன்றினால் கவனிக்க ஆள் உண்டா?”

“யாரு இருக்கா? சுடுதண்ணிகூட நானேதான் வச்சுக்கணும்.”

“மனம்விட்டுப் பேச?”

“சுவர்தான்.”

“கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது எப்போது?”

மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

“அட, அழாதீங்க தம்பி,” என்றார் பெரியவர். “கண்ணாடிய பஸ்ல விட்டுட்டேன், கேள்வியப் படிச்சுக் காட்டுங்கன்னு நீங்கதானே படிவத்தக் குடுத்தீங்க? நான் படிக்கப் படிக்க நீங்களே பதில் சொல்லிட்டுப் போறீங்க! நானும் டிக் அடிச்சுட்டேன். நூத்துக்குப் பதினொரு மார்க்குதான் வருது.”

வாசலில் மூன்று கிழவர்கள் சீட்டுக்கட்டோடு கத்தினார்கள். “டேய், ஆட்டத்துக்கு வர்றியா இல்லையா?”

“இதோ வர்றேண்டா! தம்பி, நீங்களும் வாங்க.”

ஆய்வாளர் ஆறு ஆட்டம் தோற்றார். நடுவில் ஒருமுறை சிரித்தும்விட்டார்.

வேறு படிவம் இல்லாததால் அறிக்கை அப்படியே போனது: “இந்தக் கிராமத்து முதியோர் நிலை படுமோசம்.”