லைனிலேயே இருக்கும் புருஷன்

"கூடையத் தொறடி. திருட்டுப் புளிய எங்க வெச்சிருக்கன்னு நானும் பாக்கறேன்."

முத்தம்மா போட்ட சத்தத்தில், கொட்டகையில் புளி தட்டிக்கொண்டிருந்த பத்துப் பெண்களின் கையும் நின்றுவிட்டது. புதூர்நாட்டு மகளிர் குழுவுக்குத் தலைவி என்றால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடலாமா? கலைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நதியா வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி மலைக்கு வந்த இந்த எட்டு மாதத்தில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவளா திருடுவாள்?

"யக்கா, பாத்துப் பேசு. அவ வூட்டுக்காரரு லைன்ல இருக்காரு," என்றாள் கலைவாணி.

இருந்தான். எப்போதும் இருப்பான். கோகுல்ராஜுக்கு வாணியம்பாடியில் லோடு வண்டி ஓட்டும் வேலை. காலையில் பெண்டாட்டியைக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் போனால், சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறவரை போனை வைக்கவே மாட்டான். அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் மடியில் கிடக்கும் போனில் லைன் ஓடிக்கொண்டே இருக்கும்.

"எங்க வூட்லயும் இருக்குதே ஒண்ணு. நான் இருக்கேனா செத்தேனான்னு கூடக் கேக்காது," என்று கலைவாணி சொல்லாத நாளில்லை. எப்போதாவது சிக்னல் போய்விட்டால், மேட்டில் ஏறி நின்று அவளே கோகுல்ராஜுக்குப் போன் போடுவாள். 'பயப்படாத தம்பி, இங்கதான் இருக்கா' என்று சொல்லிவிட்டு இறங்கினால்தான் அவளுக்கு மனசு ஆறும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும்?

முத்தம்மா நதியாவின் மடியிலிருந்த போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோகுலு, கேட்டுக்கினுதான இருக்க? குழுப் புளி உம் பொண்டாட்டி கூடையில இருக்குது. அஞ்சு மணிக்குக் கூட்டம். வந்து பதில் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் இவள குடோன்ல பூட்டி வெக்கறேன்."

'எம் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல' என்று சீறப்போகிறான் என்று கலைவாணி காத்திருந்தாள்.

"நல்லாப் பூட்டுங்கக்கா," என்றான் கோகுல்ராஜ். "வெளிய மட்டும் வுட்றாதீங்க. மிச்சத்த வூட்டுக்குப் போயி நான் பாத்துக்கறேன்."

அவமானத்தில் பேசுகிறான் பாவம், என்று நினைத்துக்கொண்டாள் கலைவாணி.

முத்தம்மா போனை அணைக்கவில்லை. புளிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "வேடிக்கை இன்னா? நிறுத்தாம தட்டுங்கடி," என்று அதட்டிவிட்டு, நதியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கலைவாணி பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு புளி தட்டினாள். அதற்குமேல் முடியவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் இருந்த குடோனுக்குப் போனாள்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. வெளியே முத்தம்மா மட்டும் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் மாதையனின் ஜீப், மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கக்கா நதியா?"

"அந்த ஜீப்புல போறா."

"திருடின்னு பட்டம் கட்டி ஊர வுட்டே தொரத்திட்டியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"அவ கூடையில பழைய சோறுதான்டி இருந்துச்சு," என்றாள் முத்தம்மா. "வேற இன்னா சொன்னாலும் அவன் அடுத்த நிமிஷம் வண்டிய எடுத்துக்கினு வந்து நிப்பான். பூட்டி வெச்சிருக்கோம்னு சொன்னாத்தான் சாயந்தரம் வரைக்கும் நிம்மதியா இருப்பான்."

கலைவாணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"போன வாரம் காத்தடிச்சு டவர் படுத்துக்கிச்சே, அந்த ஒரு மணி நேரத்துலதான் அந்தப் பொண்ணு வாயத் தொறந்தா. சிரிச்சா அடி. யார் கூடப் பேசினாலும் அடி. கக்கூசுக்குப் போனாக்கூட போனோடதான் போவணும். அதுக்குப் பேரு பாசமாடி? ஜெயில்ல கூட இப்படிக் காவல் இருக்காது."

முத்தம்மாவின் குரலில் அத்தனையும் கோபம்.

"பொம்பளைங்களுக்குன்னு இருக்கற 181 நம்பருக்குப் பேசிட்டேன். திருப்பத்தூர்ல பொம்பளைங்க உதவி மையத்துல இவளுக்காகக் காத்துக்கினு இருக்காங்க. தங்க இடம் குடுப்பாங்க, கேசும் போடுவாங்க. ஜீப்பு கீழ போய்ச் சேரணும், அவ்ளோதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?"

"உங்கிட்டயா?" முத்தம்மா திரும்பி அவளை முறைத்தாள். "டவர் போன அன்னைக்கு மேட்டுல ஏறி நின்னு அவனுக்கு இன்னா சொன்ன? 'பயப்படாத தம்பி, முத்தம்மா அக்கா கூடப் பேசிக்கினு இருக்கா'ன்னுதான? அக்கா கூட இன்னாடி பேசினன்னு கேட்டுக் கேட்டு, கரண்டியக் காய்ச்சி அவ முதுவுல இழுத்திருக்கான். மூணு எடத்துல."

கலைவாணி அப்படியே குடோன் படியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நேரம் முத்தம்மா மேல் இருந்த ஆத்திரம் மொத்தமும் தன் மேலேயே திரும்பியது. அவன் வைத்த காவலுக்குச் சம்பளமில்லாத ஆளாக நின்றது அவள்தானே.

அப்போது அவள் இடுப்பிலிருந்த போன் அடித்தது. கோகுல்ராஜ்.

"அக்கா, அவ சத்தமே கேக்கல. அங்கதான இருக்கா? நான் இப்பவே கெளம்பி வந்துரட்டுமா?"

ஜீப் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. முத்தம்மா கலைவாணியின் முகத்தையே பார்த்தாள்.

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படாத தம்பி, இங்கதான் இருக்கா. நான் பாத்துக்கறேன், நீ வேலைய முடிச்சுட்டு மெதுவா வா."