சூட்டுப் பக்கம்

"உங்க அக்காவுக்கு இவ்வளவு வீம்பு ஆகாதுங்க!"

மிசுக் பொரிந்து தள்ளினாள். மகளின் அறையில் உட்கார்ந்து பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் மான்சு நிமிரவே இல்லை.

"சூடான அறையில மெத்தை போட்டுக் கொடுத்தா, அதைச் சுருட்டிக்கிட்டு சாமான் அறைக்குப் போறாங்க. அங்க தரைக்கு அடியில சுடுதண்ணிக் குழாயே கிடையாது. இந்த வோன்ஜு ஊர்க் குளிர்ல விறைச்சுப் போனாங்கன்னா ஊர் யாரைச் சொல்லும்? என்னைத்தானே?"

தன் கணவர் தவறிய பிறகு, குளிர்காலம் முழுக்கத் தம்பி வீட்டில் இருக்கலாம் என்று ஓக்புன் அக்கா நேற்றுத்தான் வந்து இறங்கியிருந்தாள். விருந்தாளிக்குக் கொடுக்க வீட்டில் இருந்த சூடான அறை ஒன்றே ஒன்று. அதில் மகள் தாஹேயும், அவள் வளர்க்கும் பாம்பும் குடியிருந்தார்கள். மகளையும் பாம்பையும் சாமான் அறைக்கு மாற்றிவிட்டு, அக்காவை அங்கே படுக்க வைப்பதாக ஏற்பாடு.

அக்கா கேட்டால்தானே!

"எனக்குச் சூடு ஆகாதும்மா. உனக்குத் தெரியாதா? சின்னப் பொண்ணும் பாம்பும் அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

மான்சு சிரித்தார். "விடுடி. அக்கா சின்ன வயசுலேருந்தே பனிக்கரடி. அவ அறுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கல்லாம் சேர்ந்து என்ன வாங்கிக் கொடுத்தோம்? மின்விசிறி!"

சொல்லும்போதே அவருக்கு, சுரங்க ஊரில் அவர்கள் வளர்ந்த அந்த ஒற்றை அறை ஞாபகம் வந்துவிட்டது. நிலக்கரி அடுப்பு இருக்கும் பக்கம் தரை கொதிக்கும். எதிர்ப் பக்கம், கதவோரம், வெறும் ஐஸ். அந்தச் சூட்டுப் பக்கத்துக்கு என்ன அடிதடி! ஒரே போர்வைக்குள் தம்பி தங்கைகள் ஐந்து பேரும் உதைத்துக்கொண்டு படுப்பார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே சக்கரைவள்ளிக் கிழங்கு சுட்ட வாசனை. அடடா, அது தூக்கம்! இப்போது எந்த மெத்தையில் வருகிறது அது?

அக்கா மட்டும் கதவோரம் படுப்பாள். "உங்க பக்கம் வேர்த்துக் கொட்டுதுடா, ஆளை விடுங்க" என்பாள். "கரடி! கரடி!" என்று இவர்கள் கத்துவார்கள். அவளும் உறுமிக் காட்டுவாள்.

"அப்பா! பாம்புத் தொட்டியைத் தரையில வைக்காதீங்க!" தாஹே அலறிக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி? நல்லா சுடச்சுட தரை. ராஜ மரியாதை இல்லையா?"

"வயிறு வெந்து போயிடும்ப்பா. அதுக்குச் சுடுறது சட்டுனு தெரியாது. புண்ணாகுற வரைக்கும் அசையாம படுத்துக் கிடக்கும். பலகை மேல வைங்க. சூட்டு விரிப்பு இந்த ஓரத்துக்கு அடியில மட்டும். சூடு ஏறினா தானா அணையறதுக்கு இந்தக் கருவி."

"அந்த ஓரம்?"

"அது குளிர்ச்சியாவே இருக்கணும். வேணும்னா இங்க வரும், போதும்னா அங்க போயிடும்."

"உன் உருளைக்கிழங்குக்குக் குளிர்தான் பிடிக்கும்னு கடைக்காரர் சொன்னாராமே?" உருளைக்கிழங்கு என்பது பாம்பின் பெயர்.

"அவர் கிடக்கார்! கடையில ஒரே தொட்டிக்குள்ள ஆறு பாம்பு. இது மட்டும் எப்பவும் குளிர் மூலையில கிடந்துச்சு. அதை வச்சுச் சொல்லிட்டார். இங்க கொண்டாந்து தனியா விட்டேன் பாருங்க, நேரா சூட்டுப் பக்கம் போய்ச் சுருண்டுக்கிச்சு. பாவம், மத்ததெல்லாம் இடத்தை அடைச்சுக்கிட்டா இது எங்கப்பா போகும்?"

மான்சுவின் கையில் சுத்தியல் அப்படியே நின்றது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்து சாமான் அறைக்குப் போனார். அக்கா மூட்டைகளுக்கு நடுவே கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வா. தாஹே கடைக்குப் போறா. பாம்புத் தொட்டியில சூடு அளவா இருக்கான்னு யாராவது பக்கத்துல இருந்து பார்த்துக்கணும்."

"பாம்புக்குக் காவலா? நல்ல பொழைப்புடா எனக்கு!" என்று சலித்துக்கொண்டே வந்தாள். "சீக்கிரம் வரச் சொல்லு. எனக்குச் சூடு ஆகாது."

கொஞ்ச நேரம் கழித்து மிசுக் எட்டிப் பார்த்தாள். தொட்டிக்குப் பக்கத்தில், வெறும் தரையில் கன்னத்தைப் பதித்தபடி அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, எழுப்புங்க! உங்க அக்காவுக்கு வேர்த்துக் கொட்டிடப் போகுது."

மான்சு குனிந்து அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. போர்வையை எடுத்து, கழுத்துவரை போர்த்திவிட்டார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"சின்னதுங்க எல்லாம் படுத்தாச்சா? இன்னும் இடம் இருக்கா?"