பிழையில்லாத பலகை

"வழக்கமா எப்படி நடப்பீங்களோ, அப்படியே நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வராந்தா நீளமாகக் காலியாகக் கிடந்தது. ஒரு கோடியில் என் வீட்டுக்காரர் நின்றார். மறு கோடியில் டாக்டரம்மா. பக்கத்தில் பெஞ்சில் நான்.

அவர் ரத்தத்தில் யூரிக் அமிலம் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதாம். இன்னும் ஏறினால் கவுட் வாதம் வரலாமாம்.

அது என்ன பாடு படுத்தும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அவருடைய அண்ணனுக்குக் கால் கட்டைவிரலில் போர்வை பட்டாலே அலறல். ஆறடி மனிதர் குழந்தை மாதிரி அழுததை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த நோயின் பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம்.

டாக்டரம்மா முதலில் சாப்பாட்டைக் கேட்டார். பிறகு உட்கார்ந்த வேலையா என்றார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் ஓடிக்கொண்டா திருத்துவார்? கடைசியில் நடையைக் கேட்டார். விறுவிறுவென்று நடக்கிறவர்களுக்கு இந்த நோய் வருவது குறைவாம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இவர்கிட்ட ஆமை தோத்துடும் டாக்டர்!"

டாக்டரம்மா சிரித்தார். எதற்கும் பார்த்துவிடலாம் என்றுதான் வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்.

நான் பொய்யா சொன்னேன்? முப்பத்தொரு வருஷமாக அவரோடு தெருவில் நடக்கிறேன். நாலு வீடு தாண்டினால் ஒரு பலகை முன்னால் நின்றுவிடுவார். பல் டாக்டர் பலகை, தையற்கடை பலகை, எதையும் விடமாட்டார். 'வீடு வாடகைக்கு' என்றிருந்தால் அதையும் வரி வரியாகப் படிப்பார். எங்களுக்கோ சொந்த வீடு. "ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாரு" என்பார். ஆபீஸ் புத்தியை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று நானும் பேசாத பேச்சில்லை.

பலகை இல்லாத தெரு என்றால் குனிந்து செருப்பைச் சரிசெய்வார். ரப்பர் செருப்பில் சரிசெய்ய என்ன இருக்கிறது?

"சரி, வாங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் புறப்பட்டார்.

அடேயப்பா! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வராந்தாவைத் தாண்டிவிட்டார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, வேட்டி நுனி படபடக்க, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வந்தார். எங்கள் முன்னால் நின்றபோது மூச்சுகூட வாங்கவில்லை.

டாக்டரம்மா கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். "இவ்வளவு வேகம் வருதே சார். அப்புறம் ஏன் மெதுவா நடக்கிறீங்க?"

"பழக்கமாயிடுச்சு" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமல்.

தினமும் அரை மணி நேரம் இதே வேகத்தில் நடக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார்.

நான் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இடது காலுக்கென்று அடி உயர்த்தித் தைத்த செருப்பு டக்கென்று தரையில் இடித்தது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் சூம்பிப்போன கால். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த மனிதரையா ஆமை என்றேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நாளையிலேருந்து காலையில நீங்க தனியாத்தான் நடக்கணும்" என்றேன். அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தேன், கெஞ்சலாகத்தான் வந்தது. "இப்பவும் முன்னாடி போங்க. நான் வந்துடறேன்."

"சரி" என்று தலையாட்டிவிட்டு நடந்தார். பத்தடி போயிருப்பார். சுவரில் ஒரு பலகை இருந்தது.

'அமைதி காக்கவும்.'

இரண்டே சொல். பிழை எதுவும் இல்லை. நான் பக்கத்தில் போய்ச் சேரும்வரை அதைப் படித்துக்கொண்டே நின்றார்.