கதவுப் பக்கத்து சீட்

அந்தச் சுவரிலும் இல்லை.

அவள் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். நேற்று டியூஷனுக்குப் போகும்போது அண்ணன் இங்கேதான் இருந்தான். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து. மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே கூட்டாளிகளின் பெயர்கள்.

இப்போது ஈரச் சுவர் மட்டும் இருந்தது.

தரணி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பைக்கில் போனவன் பைபாஸில் விழுந்து, வெள்ளைத் துணியில் வீட்டுக்கு வந்தான். கூட்டாளிகள் உடனே போஸ்டர் அடித்து, ஊருக்குள் வரும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டார்கள்.

அதில்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது.

மாடாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். மாடு தின்றால் பாதியாவது மிச்சம் இருக்குமே.

கட்சிக்காரர்களா? அவர்கள் எங்கே உரித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள். மேலேயே ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இது யாரோ தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, பதமாக உரித்த வேலை.

செத்தவன்மேல் அப்படி என்ன வன்மம்?

வழியில் பார்ப்பவர்களை எல்லாம் அவள் சந்தேகப்பட்டாள். மளிகைக்கடைக்காரர் அண்ணனோடு ஒருமுறை சண்டை போட்டவர். கோடிவீட்டுக்காரர் சுவரில் ஒட்டக் கூடாது என்று முறைத்தவர். 

மறுநாள் காலையில் அப்பா வெளியே போய்விட்டு வந்து, அவள் கையிலிருந்து டீ டம்ளரை வாங்கினார்.

நகக்கண்ணில் நீலம்.

அப்பாவுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை. அங்கே கரி ஒட்டும். நீலம் எப்படி ஒட்டும்?

போஸ்டரில் அண்ணனுக்குப் பின்னால் முழுக்க நீலம்தான்.



சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் சும்மா இருக்குமா? பழையதை எல்லாம் கிளறிப் போட்டது. பைக் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கினான் என்பதற்காக அப்பா அண்ணனோடு பேச்சையே நிறுத்தியிருந்தார். எழவு வீட்டில் சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "தண்ணி போட்டுட்டு ஓட்டியிருப்பான்" என்று பந்தலில் எவனோ சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. அண்ணன் குடிக்கவே மாட்டான். அது அப்பாவுக்கும் தெரியும்.

மானம் போகிறதாக்கும். மகன் மூஞ்சி ஊர் கண்ணில் படக் கூடாதாக்கும்.

பெற்ற அப்பாவே அண்ணனைக் கைகழுவிவிட்டார். அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மா பனியன் கம்பெனிக்கு மறுபடி போகத் தொடங்கியதே இப்போதுதான். சொன்னால் வீடு உடைந்துவிடும்.

கையும் களவுமாகப் பிடித்து, நேருக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை டியூஷனுக்கு என்று கிளம்பி, ரேஷன் கடை முக்கில் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நின்றாள்.

அப்பா வந்தார்.

பாட்டிலில் இருந்து தண்ணீரைக் கையில் ஊற்றி ஊற்றி போஸ்டர்மேல் தடவினார். காத்திருந்தார். மேல் மூலையில் நகத்தைக் கொடுத்து மெதுவாக உரித்தார். முகம் இருக்கும் இடத்தில் கை இன்னும் நிதானமானது. கிழியாமல் வந்ததும் நான்காக மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

எதிர்ச் சுவரில் அண்ணன் இன்னொரு போஸ்டரில் இருந்தான். அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மானம் போகிறது என்றால் இந்தப் பக்கம் மட்டும் எதற்கு?

தூரத்தில் ஹாரன் கேட்டது. அப்பா சட்டென்று வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கம்பெனி வேன்.

கதவுப் பக்கத்து ஜன்னலில் அம்மா. என்றைக்கும் அதே சீட்தான். கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஓடுகிற சுவர்களையே பார்த்துக்கொண்டு போனாள். வேன் வளைவில் மறையும்வரை அப்பா மரத்தை விட்டு வெளியே வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இதே ரோட்டில் அம்மா வேனிலேயே மயங்கி விழுந்திருந்தாள். கூட வேலை செய்யும் அக்காதான் வீடுவரை கொண்டுவந்து விட்டுப் போனார். திரும்பும்போது எப்படியும் இருட்டிவிடும். காலையில்தான் சுவர் தெரியும்.

அம்மாவின் ஜன்னலுக்கு நேராக இருந்த சுவர்களை மட்டும்தான் அப்பா துடைத்திருக்கிறார்.

அவள் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுதாள். எதையும் கேட்காமல் டியூஷனுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா அவள் தட்டில் சோறு போட்டாள். குழம்பு ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"எந்தப் படுபாவியோ உங்கண்ணன் போஸ்டரையெல்லாம் ஒரு பக்கமா உரிச்சுட்டுப் போயிட்டான் கண்ணு. தெனமும் ஜன்னலோரம் உக்காந்து அவனப் பாத்துக்கிட்டேதான் போவேன். முந்தாநாள் பாத்தா ஒண்ணுகூட இல்ல. நேத்து டிரைவர் பக்கம் உக்கார்ற புள்ளகிட்டக் கெஞ்சி எடம் மாறி உக்காந்தேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கறான்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஊட்டுல மைதா மாவு இருக்குதா?"

"எதுக்குங்க?" என்றாள் அம்மா.

 மகள் எழுந்து கையைக் கழுவிவிட்டு, பசை காய்ச்ச அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.