இரவல் பெயர்

"செருப்பைப் போடுங்கோ அக்கா! இது கோயில் இல்லை, கோர்ட்" என்று சிரித்தாள் ரதிதேவி.

கௌரி வெட்கத்தோடு திரும்பவும் மாட்டிக்கொண்டாள். ஆக்லாந்து உயர் நீதிமன்றத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தபோது கால் தானாகவே கழற்றிவிட்டிருந்தது.

உள்ளே வழக்கின் பெயரை வாசித்தார்கள். முதலில் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபர். அடுத்து, அவர் பெயரில் வழக்காட அனுமதி பெற்ற ரதிதேவி. எதிர்ப்பக்கம், அவர்கள் தெருவை ஒட்டி ஓடும் நியூ லின் ஓடையில் கழிவைக் கொட்டும் சாயத் தொழிற்சாலை.

கௌரிக்கு மெய்சிலிர்த்தது. யாழ்ப்பாணத்தில் சட்டமா அதிபர் என்றாலே சனம் ஒதுங்கிப் போகும். இங்கே அந்தப் பெயரையே, வீட்டில் துணி தைக்கிற ஒருத்திக்கு அரசாங்கம் இரவல் கொடுத்திருக்கிறது!

அரசாங்கத்தின் பெயரில் நீங்களே வழக்குப் போடலாம், ஆனால் உங்களில் ஒருவர் முன்னால் வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்று லோயர் சொன்ன அன்று, தெருவே தலையைக் குனிந்துகொண்டது. ஓடையில் விளையாடிக் காலெல்லாம் புண்ணான பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் எல்லோரும். கௌரியும் குனிந்தாள். புது வீட்டு மோர்ட்கேஜ் கடன், கணவரின் வேலை, பேப்பரில் பெயர் வந்தால் யார் என்ன சொல்வார்களோ.

பிள்ளையே இல்லாத ரதிதேவிதான் கையைத் தூக்கினாள்.

'அவளுக்கென்ன, ஒரு வாடகை அறை, ஒரு தையல் மெசின். இழக்க என்ன கிடக்கு?' என்று அன்றிரவு கௌரி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மதியத்துக்குள் நீதிபதி சொல்லிவிட்டார். இனி ஓடையில் ஒரு சொட்டுக் கழிவும் விழக்கூடாது.

வெளியே வந்ததும் கௌரி அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். "அரசாங்கத்தையே உன்ர பக்கம் நிக்க வைச்சிட்டியே, ரதி! வா, வீட்டை போவம். நண்டுக் குழம்பு வைச்சிருக்கிறன்."

"நீங்கள் போங்கோ அக்கா. அடுத்த தெருக் கோர்ட்டில எனக்கு இன்னொரு வழக்கு."

"அடி ஆத்தை! அதுவும் அரசாங்கத்தின்ர பேரிலையோ?"

"ஓம்."

"இந்த முறை ஆருக்கு எதிரா?"

"எனக்கு எதிரா. விசா முடிஞ்சு ஒரு வருஷம், அக்கா. பேர் வெளியில வந்தால் பிடிபடுவன் எண்டு தெரிஞ்சுதான் கையைத் தூக்கினனான்."

கௌரியின் கால் மறுபடி செருப்பைக் கழற்றியது.