மோட்டர் ஆறுகிற பத்து நிமிடம்

ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில், மூன்றாவது வளைவில், ஸ்கூட்டி நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வண்டிக்காரர் பொன்னையா மூன்று தடவை பதுளையில் என் வண்டி திருத்தும் கடைக்கு வந்து, "வண்டி முன்ன மாதிரி இல்ல, ஷிராஸ் தம்பி" என்று சொல்லியிருந்தார். மூன்று தடவையும் ஓட்டிப் பார்த்தேன். அந்த மின்சார ஸ்கூட்டி சத்தமில்லாமல் ஏறியது. எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

இன்று கடையைச் சாத்திவிட்டு, அவரையே ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

நின்றதும் இறங்கி, மோட்டருக்கு மின்சாரம் விடும் கொன்ட்ரோலரோடு என் போனை இணைத்தேன். மோட்டர் அளவுக்கு மீறிச் சூடானதால், எரிந்துபோகாமல் காக்க அது மின்சாரத்தை வெட்டியிருந்தது. ஆறினால் மறுபடி விடும்.

"கையும் களவுமா புடிச்சிட்டேன் ஐயா! ரெண்டு பேர் பாரம் தாங்காது. தனியப் போனா நிக்காது."

அவர் ரோட்டோர மதகுக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

கொன்ட்ரோலரில் இருந்த பழைய பதிவுகளைப் போனில் அப்போதுதான் பார்த்தேன். இதே கோளாறு, வேலை நாள் தவறாமல், மாலை ஐந்தரைக்கு. பெப்ரவரி எட்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இன்றுதான். முன்பு யார் பின்னால் வந்தது என்று கேட்டேன்.

மனைவி ரெங்கம்மாவாம். டவுனில் வேலை முடிந்து இருவரும் ஒன்றாகத்தான் திரும்புவார்களாம். அவர்கள் இருக்கும் தோட்ட லயத்தில் அறைகள் ஒட்டி ஒட்டித்தான்; ஒரு காம்பராவில் இருமினால் நாலு காம்பராவுக்குக் கேட்கும். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் இந்த வண்டி வாங்கிய பிறகு, இந்த மதகில், மோட்டர் ஆறுகிற நேரத்தில்தானாம்.

பெப்ரவரி ஒன்பதாம் தேதி அவளை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிதரைத்தான் மூன்று தடவையும், வண்டிக்கு ஒன்றுமில்லை, சந்தோஷமாகப் போங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

மோட்டர் ஆறிவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, நான் தனியா வந்தாலும் இந்த எடத்துல நிக்கிற மாதிரி செஞ்சு தர முடியுங்களா?"

எட்டு வருடமாகக் கோளாறுகளைத் தேடி நீக்குகிறவன் நான். ஏற்றத்தின் அடிவாரத்துக்குத் திரும்பிப் போனோம். எத்தனை பாகை சூட்டில் மின்சாரத்தை வெட்ட வேண்டும் என்ற எண்ணைக் குறைத்துவிட்டு, அவரைத் தனியாக ஏறச் சொன்னேன்.

தேயிலைக்கு நடுவே வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு ஏறிப்போய், மூன்றாவது வளைவில் நின்றது.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நான் மேலே போகவில்லை.